கறுப்புக் கொடி

ஊரில் ஒருமுறை கறுப்புக் கொடி காட்டியதற்கு
வேனில் ஏற்றிப்போய்க் கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள்.
தக்காளி சாதம் கொடுத்துச் சாயங்காலம் விட்டார்கள்.
இங்கே அதை ஏற்றத்தான் எனக்குச் சம்பளம்.

அல் அய்னுக்குத் தெற்கே
ஹஃபீத் மலை கடைவாய்ப் பல்லாகப் பழுப்பேறி நிற்குமிடத்தில்
புதுப் பையன்களின் பயிற்சித் திடல்.
முக்காலியில் மூன்று வெப்பமானிகள்.
ஒன்று நிழலுக்கு, ஒன்று கறுப்புக் குண்டுக்குள்,
ஒன்றன் மூக்கில் ஈரத்துணி,
காய்ச்சல்காரன் நெற்றியில் போடுவோமே, அதுபோல.
மூன்றையும் கூட்டிப் பெருக்கினால் ஓர் எண் வரும்.
அது முப்பத்திரண்டைத் தாண்டினால் கறுப்பு.
கறுப்பு ஏறினால் எவனும் ஓடக்கூடாது,
சார்ஜென்ட் உபைத் சொன்னாலும்.

கழிப்பறைச் சுவரில் நிற அட்டை ஒட்டியிருக்கிறேன்.
எலுமிச்சைத் தண்ணி நிறமா, நல்லது.
சுலைமானி நிறமா, என்னிடம் வா.
ஒருவனும் வருவதில்லை.
பதினெட்டு வயதில் எவன் வருவான்?

மத்தர் முழங்காலுக்குக் கீழே மயிரிழை விரிசலோடு
பதினோரு நாள் அணிவகுத்தான்.
சுஹைலின் காலுறையைத் தண்ணீர் ஊற்றித்தான் கழற்றினேன்,
தோலும் கூடவே வந்தது.
கல்ஃபான் ராத்திரி அழுவது
ஏசி சத்தத்தில் அமுங்கிவிடுமென்று நினைக்கிறான்.
கம்ப்ரசர் நடுநடுவே நிற்குமென்று
அவனிடம் யாரும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
காலையில் மருத்துவரின் பட்டியலில்
அவன் பெயரை மட்டும் மேலே ஏற்றினேன்.

மூன்றாம் வாரம், செவ்வாய்.
முப்பத்தொன்று புள்ளி எட்டு.
'இன்னும் ஒரு சுற்று' என்றான் உபைத்.
நான் கயிற்றைப் பிடித்தபடி
புள்ளி இரண்டுக்காகக் காத்திருந்தேன்.
விதி என் பக்கம்தான் இருந்தது.

ஹுமைத் நேராக ஓடிக்கொண்டிருந்தவன்
குடித்தவன்போல வளைந்தான்.
பேரைக் கேட்டால் தங்கை பேரைச் சொன்னான்.
நாற்பத்தொன்று புள்ளி மூன்று.
பனிக்கட்டித் தொட்டியில் கழுத்துவரை இறக்கினோம்.
உபைத் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே இறங்கி
அவன் தலையைத் தன் நெஞ்சில் தாங்கிக்கொண்டான்.
பல் கிட்டித்தது, இரண்டு பேருக்கும்.

பதினாலாவது நிமிடம் கண் திறந்து
'முடித்தேனா?' என்றான் பையன்.
'முடித்தாய்' என்றான் உபைத்.
பொய்தான். முக்கால் சுற்று.
என் நோட்டில் அந்த வரி இன்னும் காலியாக இருக்கிறது.

அதற்கப்புறம் முப்பத்தொன்றரையிலேயே ஏற்றிவிடுகிறேன்.
உபைத் வெப்பமானியைப் பார்ப்பான்,
என்னைப் பார்ப்பான்,
விசிலை ஊதிப் பையன்களை நிழலுக்கு அனுப்புவான்.
தண்ணீர் பாட்டில் மூடியை அவனே திறந்து கொடுப்பான்,
திட்டிக்கொண்டே.

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் குழாய்க்குக் குழி தோண்டுகிறார்கள்.
நேற்று முதுகுளத்தூர்க்காரர் ஒருவர்
கேனை எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்தார்.
'அந்தக் கொடி எதுக்குண்ணே?'
சொன்னேன்.
அண்ணாந்து பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார்.
'இன்னும் ஒசரமா கட்டுங்க' என்றார்.
'எங்க ஃபோர்மேன் கண்ணுலயும் படட்டும்.'

ஸ்டோருக்கு எழுதியிருக்கிறேன்,
நீளமான கம்பம் ஒன்று வேண்டுமென்று.
'காரணம்' என்ற கட்டத்தில்
'காற்று' என்று போட்டிருக்கிறேன்.