அறுபதில் ஒன்று

இரவு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகவில்லை.
கிராஞ்சியில் இறங்கி ஒரு கோப்பி ஓ,
பிறகு பேருந்து, பிறகு நடை.
முதுகில் அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ்,
தூங்கிப்போன பிள்ளையின் கனம்.

சுங்கை பூலோவில் எட்டரை மணிக்கும் விடியவில்லை.
ஜோகூர்ப் பக்கம் மழை கறுத்து நிற்கிறது.
ஓதம் ஏறி வெளிச்சேற்றை மூடிவிட்டதால்
எல்லாரும் குளத்து மேட்டில் ஒதுங்கியிருக்கிறார்கள்:
பவளக்காலிகள், பொன்னிற உப்புக்கொத்திகள்,
சேற்றுக்குத் தையல் போட்டுக்கொண்டே போகும் உள்ளான்கள்.

மறைகுடிலில் ஏற்கனவே ரோஸ்னா.
கேமரா இல்லை அவளிடம். ஒரு தொலைநோக்கி,
கைக்குள் எண்ணும் கருவி,
ஒரு பறவைக்கு ஒரு அழுத்து.
"முந்நூற்று நாற்பது" என்கிறாள், வணக்கம் சொல்வதுபோல.

வெளிச்சம் கேட்டால் கிடைப்பதா?
ஐஎஸ்ஓவை ஏற்றினால் இறகெல்லாம் மணல்.
ஆயிரத்தில் ஒரு நொடி வேண்டிய இடத்தில்
அறுபதில் ஒன்றுதான் இன்று கூலி.
வெளியே அது ஓர் இமைப்புக்கும் காணாது.
இந்த நீளக் குழலுக்குள்
என் நாடி அதில் நடந்து போகும்,
பலகைத் தளத்தில் யாரோ வைக்கும் செருப்படி
நடந்து போய்த் திரும்பியும் வரும்.

ஆனால் ஆட்டம் எனக்குத் தெரிந்த சங்கதி.
பாசிர் பாஞ்சாங்கில் கிரேன் ஓட்டுகிறேன்.
நாற்பதடிப் பெட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டால்
நான் நின்ற பிறகும் அது நிற்காது.
அதட்டினால் இன்னும் ஆடும்.
ஊசலின் கோடியில், திரும்புவதற்குச் சற்று முன்,
எங்கேயும் போகாமல் இருக்கும் ஒரு கணம்.
அப்போது பிடிக்க வேண்டும்.

முக்காலியை முழுதாக நீட்டவில்லை.
அதன் வயிற்றில் என் பையையே கட்டித் தொங்கவிட்டேன்.
லென்ஸின் மேல் இடது உள்ளங்கை,
காய்ச்சல் பார்ப்பதுபோல், பாரம் கொடுக்காமல்.
பாதி மூச்சை விட்டு மீதியை வைத்துக்கொண்டு
விரலை அமுக்குவதில்லை, உருட்டுகிறேன்.
ஐந்தைந்தாக.
முதல் படம் விரலுக்கு, கடைசிப் படம் அவசரத்துக்கு,
நடுவில் எதுவோ பறவைக்கு.

உப்புக்கொத்தி ஓடும். சட்டென நிற்கும்.
யாரோ கூப்பிட்டதுபோல் தலை தூக்கும்.
அந்த நிற்பைத்தான் நம்பியிருக்கிறேன்.

"மூன்றாவது" என்றாள் ரோஸ்னா. "காலில் பட்டை!"
எந்த நாட்டில் கட்டினார்கள் என்று நிறம் சொல்லிவிடும்.
எந்தப் பறவையென்று எழுத்துதான் சொல்ல வேண்டும்.
அவள் தொலைநோக்கியில் எழுத்து கரைந்து கிடந்தது.
நான் சுட்டேன். நின்றபோது, நிற்காதபோது,
மழை வந்து குளத்தைப் பொத்தலாக்கும் வரை.
எல்லாம் ஒரே விசிறலில் எழும்பிப் போயின.

பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தோம்.
இரண்டு அலகு. கோடாய் இழுபட்ட கண்.
கண் கூர்மையாக இல்லாத படம் படமே இல்லை என்று
பதினோரு வருடமாக அழித்து வருகிறவன்,
குப்பைத்தொட்டிப் பொத்தானில் விரல் வைத்தேன்.
அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"கீழே."

பெரிதாக்கினேன்.
சிறகு கோதத் திரும்பிய பறவை
இடுப்புக்கு மேலே வெறும் புகை.
கீழே, சேற்றில் ஊன்றிய ஒற்றைக் கால்
நகரவே இல்லை.
அதன் செதில் தெரிந்தது, ஒட்டிய சேற்றுத் துளி தெரிந்தது,
மஞ்சள் பட்டையில் கறுப்பாய்
ஒரு எழுத்து, இரண்டு எண்.

ரோஸ்னா ஈரப் புத்தகத்தில் பென்சிலால் எழுதினாள்.
இரண்டு முறை வாசித்துச் சரிபார்த்தாள்.
மிச்சப் படங்களை அங்கேயே அழித்தேன்.
இல்லை, பொய். நாலு வைத்துக்கொண்டேன்.

திரும்பும் பேருந்தில் ஆளே இல்லை.
கைப்பிடிகள் வரிசையாக ஆடிக்கொண்டு வந்தன.
பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.