பார் கணக்கு

என் பேரிலேயே நம்பு இருக்கிறது.
நம்புராணி.
இந்தக் கரையில் நம்பு என்று கூப்பிட்டால்
ஆணும் பெண்ணுமாக நாலு தலை திரும்பும்.
நம்பச் சொல்லி வந்தவருக்கு அது வசதியாகப் போயிற்று.
“பேரிலேயே வச்சிருக்கீங்களே மேடம்” என்று சிரித்தார்.

மண்டபத்தில் ஐஸ் ஆலை. வடக்குத் துறை.
இருபத்தொரு வருடமாக நான் எழுதும் பேரேடு:
தண்ணீர் லாரி, மின்சாரம், அம்மோனியா, தொட்டிக்கு உப்பு,
துருவேறிய கேன்களுக்கு ஒட்டு.
எங்கள் போர்வெல்லில் ஏறுவது கடல்.
குடிக்கிற தண்ணீர் சக்கரத்தில்தான் வரும்,
வழியெல்லாம் ஒழுகிக்கொண்டு.
ஒழுகியதற்கும் சேர்த்துத்தான் பணம்.

அவர் மேசைமேல் பலகையை நிமிர்த்தி வைத்தார்.
செயற்கை நுண்ணறிவாம்.
காற்று, நிலா, போன வருடத்து விற்பனை
எல்லாம் பார்த்து
நாளைக்கு எத்தனை பார் போடவேண்டும் என்று
அதுவே சொல்லிவிடுமாம்.
“எங்கே இருக்கு அது?”
“கிளவுடுல.”
மேகம்.
ஆவணியில் எங்கள் தலைக்கு மேலே நின்று யோசித்துவிட்டு
வேறு யார் வீட்டிலோ பெய்கிற மேகங்களை
எனக்கு நன்றாகத் தெரியும்.
விடவில்லை நான்.
கடைசியில் சொன்னார்: பெரிய கட்டடம்,
உள்ளே வரிசை வரிசையாக எந்திரங்கள்,
யோசிக்க யோசிக்கச் சூடாகும்,
இராப்பகலாகக் குளிரவைக்கவேண்டும்.

குளிர என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
அட, அதுவும் நம்ம தொழில்தானா!
அப்படியென்றால் தண்ணீர் யார் லாரி?
மீட்டர் யார் பேரில் ஓடுகிறது?
எங்கள் தெருவில் விளக்கு மங்கினால்
எங்கள் கம்ப்ரசரைத்தான் திட்டுவார்கள், முகத்துக்கு நேரே.
அந்த ஊரில் யாரைத் திட்டுகிறார்கள்?
அவர் பலகையின் கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்ததையே துடைத்தார்.

ஒரு மாதம் இலவசம்.
முதல் பத்து நாள் பிசகவில்லை. எழுதுகிறேன்.
வரவை மறைத்தால் அது பேரேடில்லை, புரளி.
பன்னிரண்டாம் நாளுக்கு நானூறு என்றது. போட்டோம்.
இரவில் இரண்டு படகைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.
விடியும்போது துறை முழுக்கக் கயிறு கட்டிக் கிடந்தது.
அதற்குத் தெரிந்திருக்க நியாயமில்லை;
எனக்கும்தான் தெரியாது.
ஆனால் ஐந்து மணிக்கு
ஆரோக்கிய மெர்சி செருப்பில்லாமல் வாசலில் வந்து நின்றதும்
கம்ப்ரசர் ஓட்டும் காளிமுத்தன்
யாரும் சொல்லாமலே சுவிட்சை இறக்கினான்.
நானூறு பாரும் மூன்று நாள்
முனகிக்கொண்டே கரைந்தன.
எட்டு மணிக்குப் பலகை ஒளிர்ந்தது:
நாளை நானூற்றுப் பத்து. இனிய நாளாகட்டும்.

இன்னொன்றும் எழுதவேண்டும்.
மின்வாரியம் போட்ட அபராதத்துக்கு
அதனிடம்தான் கடிதம் கேட்டேன், கதவைச் சாத்திக்கொண்டு.
ஒன்பது விநாடி. என்ன தமிழ்!
‘தாழ்மையுடன்’ சரியான இடத்தில் விழுந்திருந்தது.
அபராதம் பாதியானது.
மின்சாரம் தின்று எழுதிய கடிதம்
மின்சாரக்காரனிடம் மிச்சம்பிடித்த காசை
எந்தப் பக்கத்தில் ஏற்ற?

மாதக் கடைசியில் முதலாளி சகுபர் கேட்டார்,
“வச்சுக்கலாமா, என்ன சொல்றே?”
வரவு எழுதியாயிற்று. சந்தா எவ்வளவென்றும் தெரியும்.
நடுவில் ஒரு பத்தி காலியாக நிற்கிறது:
யாரோ கட்டுகிற பணம்,
யார் கிணற்றிலோ இறங்குகிற மட்டம்.
சின்னத் தொகையாகவும் இருக்கலாம் அது.
சின்னதென்றால் சொல்லிவிடவேண்டியதுதானே.
கூட்டல் போடாமல் பேரேட்டை அவர் பக்கம் திருப்பினேன்.
இருபத்தொரு வருடத்தில் முதல்முறை.

எங்களிடமும் வீண் உண்டு.
முந்நூறு பாரில் பதினைந்து உருகிவிடும்.
உருகியது எங்கே என்று குனிந்தால் தெரியும்:
தரை ஈரம், வாசற்படி ஈரம்,
வாய்க்கால் முனையில்
ரகுமத்துனிசாவின் வெள்ளாடு காதை ஆட்டிக் குடிக்கும்.
அதையும் எழுதியிருக்கிறேன்,
ஓரத்தில், பென்சிலால்: ஆடு.