நாற்பத்தொரு கிராம்

பகாவ் கடைவரிசையில்
அடகுக்கடைக்கும் பல் கிளினிக்கிற்கும் நடுவே
படியேறினால் என் கம்பெனி.
இரண்டு இயந்திரம், ஒரு ஏர்கோன்,
நைலான் சுருளில் ஈரம் ஏறாதிருக்க
பதினொரு பிஸ்கட் தகரம்.

முதல் வருடம் பதாகையில் போட்டிருந்தேன்:
முப்பரிமாண அச்சு,
எதிர்காலம் உங்கள் வாசலில்.
எதிர்காலத்தை விசாரித்து
யாரும் படியேறவில்லை.
ஒருவர் வந்தார், மூச்சு வாங்க.
கல்யாணப் பத்திரிகை
ஐந்நூறு அடிக்க என்ன ஆகும் என்றார்.

கோலாலம்பூர் கண்காட்சியில்
விரல் நீளச் செம்பனைக் குலை
முந்நூறு செய்து இலவசமாய்க் கொடுத்தேன்.
சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு
முந்நூறு பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

வங்கியில் கேட்டார்கள்:
சரக்கிருப்பு?
பென்டிரைவைக் காட்டினேன்.
கிடங்கு?
அதையே திருப்பிக் காட்டினேன்.
அதிகாரி சிரிக்காமல் எழுதினார்,
இல்லை,
இல்லை.

பிறகு ஒரு மழைச் செவ்வாயில்
ஆலையில் பம்பு நின்றது.
இறங்காத குலைகளோடு லோரிகள்
தோட்டத்துப் பாதைமுனை வரை.
அசல் பாகம் ஜெர்மனியிலிருந்து வர
எட்டு வாரம் என்றான் ஏஜென்ட்.
பழத்தில் அமிலம் ஏற
எட்டு வாரம் வேண்டாம்.

உடைந்த சுழலியை
பழைய பேப்பரில் மீன்போலச் சுற்றி
ஃபிட்டர் குணாளன் கொண்டுவந்தான்.
இல்லாத ஓர் இறக்கையை
இருக்கும் நான்கைப் பார்த்து வரைந்தேன்.
பதினான்கு மணி நேரம்
அடுக்கின்மேல் அடுக்காக.
விடியலில் பாகம் சூடாறும்போது
சப்பாத்தைக் கழற்றாமல்
நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

பம்பு ஓடியது.
ஓடுகிறது என்று மட்டும் மெசேஜ் வந்தது.
நான் பில் அனுப்பினேன்:
எழுநூற்று ஐம்பது வெள்ளி.

கொள்முதல் பிரிவில் என்சிக் ரோஸ்லி
கூடுதலாய்ச் செய்து கொடுத்திருந்த ஒன்றை
தபால் தராசில் வைத்தார்.
நாற்பத்தொரு கிராம்.
சுருள் கிலோ என்ன விலை?
சொல்லியிருக்கக் கூடாது, சொன்னேன்.
இருநூற்றைம்பது.
கால்குலேட்டரைத் தட்டி
என் பக்கம் திருப்பினார்:
பத்தே கால்.
மீதி எதற்கு, மிஸ்?

வகுப்பில் படித்த பதில் ஒன்று
நாக்கு நுனி வரை வந்தது.
விழுங்கிவிட்டுக் கேட்டேன்:
ஆலை ஒரு மணி நேரம் நின்றால்
எவ்வளவு போகும்?
சன்னலுக்கு வெளியே பார்த்தார்.
கடைசி லோரி எடைமேடையில் ஏறிக்கொண்டிருந்தது.
அது கம்பெனி ரகசியம் என்றார்.
கையெழுத்துப் போட்டார்,
தொண்ணூறு நாள் தவணைக்கு.

எழும்போதுதான் கேட்டார்,
தேநீர் இன்னொன்று சொல்லவா என்பதுபோல:
அந்த ஃபைலை எங்களுக்கு அனுப்பிவிடுங்களேன்.
இயந்திரம் வாங்குகிறோம்.
ஷா ஆலாமிலிருந்து வந்த விற்பனையாளர்
விட்டுப்போன வழவழப்பான மடிப்பிதழ்
மேசையில் கிடந்தது.
தலைப்பு:
எதிர்காலம் உங்கள் வாசலில்.

அன்று இரவு பதாகையை இறக்கினேன்.
புதியதில் ஒரே வரி:
உடைந்ததைக் கொண்டு வாருங்கள்.
மறுநாளே சலவை இயந்திரத்தின் பல்சக்கரம்,
காற்றாடித் திருகி,
பல் கிளினிக்கிலிருந்தே ஒரு எச்சில் கோப்பை மூடி.
எல்லாம் சேர்த்து நூற்றுப்பத்து வெள்ளி.
ரொக்கம்.

ஃபைலை நான் அனுப்பவில்லை.
ஆலை இயந்திரம் வாங்கியது உண்மை.
ஐந்தாம் வாரம் குணாளன் போன் செய்கிறான்:
அச்சில் கொப்புளம் கொப்புளமாய் வருது,
நூலாய் இழுக்குது, ஏன்?

ஈரம், என்கிறேன்.
சுருளைத் திறந்து வைத்தீர்களா?
பகாவ் மழையில்?

கொட்டேஷன் படிவத்தைத் திறக்கிறேன்.
பொருள்: பிஸ்கட் தகரம், ஒன்று.
எடை: கேட்டால் சொல்லப்படும்.
விலைக் கட்டத்தில்
கர்சர் மினுக்கிக்கொண்டிருக்கிறது.