சவுத் பெண்டில் மேடே இல்லை

எங்கள் ஸ்டூடிபேக்கருக்கு ஒரு வித்தை தெரியும்.
மேட்டில் பிரேக் போட்டு நிறுத்தி
கிளட்சை மிதித்தபடியே
பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடலாம்.
ஓர் அங்குலம் பின்னால் உருளாது.

வலென்ட்டி சிரித்தான்.
"மேட்டுக்கு எங்கே போக?"
இந்தியானாவின் இந்தப் பக்கத்தை
யாரோ இழைப்புளி போட்டுச் சீவி வைத்திருக்கிறார்கள்.
ஞாயிறு பூசை முடிந்து
தானியக் கிடங்கின் சரிவில் ஏற்றிப் பார்த்தோம்.
நின்றது. காவற்காரன் வந்து துரத்தினான்.
அத்தோடு சரி.

ஐம்பதாம் வருட மாடல். மூக்கு
விமானத்திலிருந்து கழற்றி மாட்டியதுபோல் இருக்கும்.
"உன் வண்டி வருகிறதா, போகிறதா?"
என்று கேட்காத ஆள் தெருவில் இல்லை.
கேட்டவர்களில் பாதிப் பேர்
அதைச் செய்கிற ஆலையில்தான் சம்பளம் வாங்கினார்கள்.

ஸ்டார்ட்டர் கிளட்சுக்கு அடியில்.
தரைவரை மிதித்தால்தான் உறுமும்.
சிகாகோவில் ஒரு திருடன்
கண்ணாடியை உடைத்து உள்ளே உட்கார்ந்து
சாவித் துளையை நோண்டு நோண்டென்று நோண்டி
கிளப்பத் தெரியாமல்
ஒரு கையுறையை விட்டுவிட்டுப் போயிருந்தான்.
நல்ல தோல். இடக்கை.
அடுப்படியில் சூடான சட்டி இறக்க
இன்றும் அதுதான்.

என் வீட்டுக்காரனுக்கு வேலை வலக்கதவு.
கீலை வைத்து, முடுக்கி, ஆட்டிப் பார்த்து
அடுத்த வலக்கதவு.
இடக்கதவை யார் மாட்டுகிறார்கள் என்று
ஒருநாளும் அவன் கேட்டதில்லை.
திருமதி கோவாச்சின் அடக்கத்தன்று
கல்லறை வாசலில் நின்ற யாருடைய வண்டியையோ திறந்து
கதவைத் தூக்கிப் பார்த்தான்.
உள்ளே ஓர் அம்மாள் அழுதுகொண்டிருந்தார்.
"மன்னிக்கவும். தொய்வு இல்லை" என்று சொல்லி மூடினான்.

கொல்லுப்பட்டறை வைத்த அண்ணன் தம்பிகளின் கதை
ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம்.
மேற்கே குடிபோனவர்களுக்குக் கூண்டு வண்டி,
போருக்குப் போனவர்களுக்குச் சாமான் வண்டி.
தம்பி ஒருவன் தங்கம் தேடிப் போன இடத்தில்
தள்ளுவண்டி செய்து விற்று
எட்டாயிரம் டாலரோடு திரும்பினானாம்.
குதிரை போனது, அவர்கள் போகவில்லை.
நூறு வருடம் தாண்டிய பெயர் என்றால்
நாம் என்ன நினைப்போம்?
இன்னொரு நூறும் இருக்கும் என்றுதான்.

அறுபத்து மூன்று டிசம்பர்.
கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள்.
கடைசி வண்டிக்கு அவனைக் கூப்பிடவில்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஓய்வூதியக் கடிதம்.
வயது ஐம்பத்திரண்டு, உழைத்தது இருபத்தாறு வருடம்:
டாலருக்குப் பதினைந்து சென்ட்.
பக்கத்து வீட்டு இம்ரேக்கு முப்பத்தொன்பது வயது.
அவனுக்குக் கடிதம் மட்டும்.

வலென்ட்டி இரண்டு முறை படித்தான்.
வெளியே போய்
எங்கள் வண்டியின் வலக்கதவைத் திறந்தான், மூடினான்,
திறந்தான்.
முன்சக்கரத்துக்கு மேலே சாலை உப்பு தின்ற ஓட்டையில்
என் விரல் மூன்று நுழையும்.
கதவு மட்டும்
அலமாரிக் கதவு மாதிரி சத்தமில்லாமல் சாத்தியது.

வேலை கேட்டு பிட்ஸ்பர்க் போனோம்.
தெருவா அது, ஏணி.
உச்சிக்குப் பாதியில் சிவப்பு விளக்கு.
முதுகை ஒட்டி ஒரு நிலக்கரி லாரி.
என் மடியில் அவன் சான்றிதழ்களும்
துணியில் சுற்றிய உருளைக்கிழங்கு அப்பமும்.
கிளட்சை அழுத்தி
பிரேக்கிலிருந்து காலை எடுத்தான்.
என்னைப் பார்த்தான்.
கண்ணாடியில் லாரியின் அகலம் மாறவே இல்லை.

பச்சை விழுந்தது.
ஹார்ன்.
மறுபடி ஹார்ன்.
"இரு" என்றான்,
"கொஞ்ச நேரம் நிற்கட்டும்."