பின்விளக்கு

பெரியநீலாவணையில் அம்பாள் வீதி சுற்றும் பத்து இரவும்
அவளுக்குப் பின்னால் நடப்பவன் நான்.
பகலில் மருதமுனைத் தறிக்காரன்.
இரவில் தள்ளுவண்டியில் ஒரு ஜெனரேட்டர்,
ஒரு கலன் பெற்றோல், இருபத்திநாலு குழல்விளக்கு.

முகம் முன்னால் போகும்.
பதினொரு வருசமாய் நான் கண்டதெல்லாம்
திருவாசியை இழுத்துக் கட்டிய கம்பி,
சணல் முடிச்சு,
வாழைமட்டையில் குத்திய ஊசிகள்.
பார்க்காமல் நடப்பது எனக்கும் வசதி.
உம்மா கேட்டால் சொல்லலாம்:
நான் வெளிச்சத்துக்குத்தான் போனேன்.

ஏழாம் இரவு, சொல்லாமல் வந்த மழை.
தென்னந்தோட்டத்து மூலையில் சாத்துப்படி சரிந்தது.
மல்லிகை தண்ணீர் குடித்து
ஆட்டுக்குட்டிப் பாரமானது.
பட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டது.
மூன்று பக்கம் திரை பிடித்தார்கள்.
நாலாம் பக்கம் நான்.

"பின்விளக்கு, கிட்ட வா மனே!"
வாயில் நாலு ஊசியோடு கனகசூரியம், சாத்துப்படிக்காரர்.
"பல்பைத் தூக்கிப் பிடி. உடுப்பு மாத்த வேணும்."
குருக்கள் என்னைப் பார்த்தார்,
பல்பைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
ஒரு பெண் உடுப்பு மாற்றுகிற இடம்.
கை ஆடியது, கையோடு வெளிச்சமும் ஆடியது.
"நேரே பிடியன்!" என்ற அதட்டலுக்கு
நேரே பார்த்தேன்.

உடுத்துத்தான் இருந்தாள்.

உலோகத்தில் நெய்த சேலை.
இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கோடு,
கோடு விட்டுப் பூ, பூ விட்டுக் கோடு,
கரையில் மணி மணியாய் ஒரு இழை.
எண்ணத் தொடங்கிவிட்டேன்.
தறிக்காரன் கண்ணுக்கு அது வியாதி.

"மெழுகு மனே," என்றார் கனகசூரியம்.
"மெழுகை நூலாத் திரிச்சு, ஒவ்வொண்டா ஒட்டி,
மேல மண் பூசிச் சுட்டா, மெழுகு ஓடிரும்.
அது ஓடின வழியால ஐம்பொன் வரும்."
நூல் போய்விடும், சேலை நிற்கும்.
எங்கள் பாவில் அப்படியொரு சங்கதி இல்லை.

வலக்கையைக் காட்டினார்.
விரல் வளைந்திருந்தது, பிடிக்கப் பூ இல்லை.
பூவையும் வார்த்தால் ஒரே பூவாம்;
வாடாத பூவை அவள் என்ன செய்வாள்?
இடக்கை பசுவின் வால்போலத் தொங்கவேண்டும் என்பது கணக்காம்.
எனக்கென்னவோ, பொழுதுபட்டுத் தறியை விட்டிறங்கும்
சவுதா ராத்தாவின் கைபோல இருந்தது.

பிறகுதான் அதைக் கண்டேன்.
இடப்பக்க இடுப்புக்குக் கீழே நாலாவது கோட்டில்,
விரல்நகம் அளவு நிறம் மாறிய ஒரு சதுரம்.
"வார்க்கக்குள்ள காத்து நிண்ட இடம். பொத்தல்.
பிறகு ஒரு சொட்டு ஊத்தி அடைச்சிருக்கான்."

அடைத்தவன் அரத்தால் தேய்த்து
மழுப்பிவிட்டுப் போயிருக்கலாம்.
உளியெடுத்து
அந்தச் சதுரத்தின்மேல் முடிச்சுப் போட்டிருக்கிறான்.
பூமுடிச்சு அல்ல, மேகலை முடிச்சு அல்ல.
பாவில் ஓரிழை அறுந்தால்
விரலில் எச்சில் தொட்டு நாங்கள் போடுவோமே, அது.
ஒரு வால் குட்டை, ஒரு வால் நீளம்.

அந்தக் கரையில் வார்த்து
வள்ளத்தில் வந்தவள் என்கிறார்கள்.
வார்த்தவன் பேர் யாருக்கும் தெரியாது.
எனக்கு ஒன்று தெரியும்:
அவன் வீட்டுச் சுவருக்கு அடுத்த பக்கம்
தறி ஓடியிருக்கிறது.

"பின்பக்கம்தானே, ஆர் பாக்கிற?"
கனகசூரியம் காய்ந்த பட்டைச் சுற்றி
ஊசி குத்தி மூடினார்.

வண்டி அசைந்தபோது பிளக் நனைந்து
ஜெனரேட்டர் இருமி நின்றது.
ஊர் முழுக்க இருட்டு.
முன்னால் அரோகரா.
முகத்தைத் தேடி எல்லாரும் எம்பியிருப்பார்கள்.
இடப்பக்கம், நாலாவது கோடு
என்று சொல்லிக்கொண்டே
கயிற்றைச் சுற்றி
இழுத்தேன்.