பதிப்பு நான்கு தசம் இரண்டு

இரவு முழுக்க இறங்கிக்கொண்டிருந்தது.
மழைக்கு ஒட்டுசுட்டானில் சிக்னல் நொண்டும்;
எழுபத்தொரு வீதத்தில் நின்று
விடியத்தான் அசைந்தது.

கந்தோர் திறந்து மாற்றங்களை வாசித்தேன்.
எழுத்துரு திருத்தப்பட்டுள்ளது.
உண்மைதான்: இவ்வளவு நாளும்
கொம்பு கழன்று
ஒரு புள்ளிவட்டத்தில் தொங்கிய நெடுங்கேணி
இன்று முழுசாய் இருந்தது.
குளங்களுக்கு இனி மாரி அளவு வேறு, கோடை அளவு வேறு.
இணைப்பில்லாத இடத்திலும் படம் திறக்கும்.
எங்கள் ஜீப்தான் போகாது, டீசல் இல்லை.

புதிது: படலங்களை மங்கலாக்கலாம்.

புதன்கிழமை என்றால் தவமலரக்கா வருவா,
பெர்மிட்டை சொப்பிங் பையில் சுற்றி.
இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது
அவவின் மூன்று ஏக்கர்
படத்தில் காடாகியிருந்தது.
பச்சையைப் பிடித்து நாற்பதுவரை இழுத்தேன்.
அடியில் வரம்பு. வாய்க்கால்.
ஒரு கறுப்புப் பொட்டு.

"அது கிணறு" என்றா,
விரலைத் திரையில் வைக்காமல்,
சுடுசட்டியைக் காட்டுவதுபோல.
"அச்சடிச்சுத் தாரும்."

அச்சில் முழுப்பச்சை.
திரும்ப அடித்தேன். பச்சை.
மாற்றங்களின் கடைசி வரியில் கிடந்தது:
அறியப்பட்ட குறை, மங்கல் தாளில் வராது,
அடுத்த பதிப்பில் சரிசெய்யப்படும்.

"அது எப்ப?"
திகதி போடவில்லை.

மேசையில் கிடந்த என் பேனையை எடுத்துப்
பச்சைக்கு மேலேயே ஒரு வட்டம் போட்டா.
பக்கத்தில் 'கிணறு' என்று எழுதி
மை காய ஊதினா.

திரையோடு வைத்து ஒப்பிட்டேன்.
அரை மில்லிமீற்றர் வடக்கே.