பிணை

தொண்ணூற்றாறு உறைகள்.
ஒவ்வொன்றிலும் வேரோடு பிடுங்கிய பத்து மயிர்.
வேரில்லாத மயிர் ஊமை என்று
உலான்பாத்தர் ஆய்வுக்கூடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.
பிடுங்கும்போது பனிமான்கள் கத்தவில்லை.
என் உள்ளங்கை உப்பை நக்கிக்கொண்டு நின்றன.

ஒயுன்பதாம் பெயர் சொல்லச் சொல்ல
நான் எண் எழுதினேன்.
ஒடிந்தகொம்பி, சாம்பல்மூக்கி,
ஆற்றில் பிறந்தவள், கடன்காரி.
கடன்காரியை ஒருமுறை இரண்டு மூட்டை மாவுக்கு விற்று
மறுவாரமே மூன்று மூட்டை கொடுத்து மீட்டார்களாம்.
அது எண் நாற்பத்தேழு.

குளிர்காலம் முழுக்க இயந்திரம் படித்தது.
ஐந்து கலைகளில் நான்கிற்கு ஒரே தகப்பன்.
மறிகளின் இரத்தத்தில்
இரு பக்கமும் ஒரே எழுத்து,
கண்ணாடி முன் கண்ணாடி வைத்தாற்போல.

இதைச் சொல்ல மூன்று நாள் குதிரையில் போனேன்.
பாலை வடிகட்டிக்கொண்டே கேட்டாள்.
"செத்துப்போன வெள்ளையன்தானே?
அழகன். காயடிக்க வந்தவர்களை
நான்தான் விரட்டினேன்."
பிறகு, வடிதுணியைப் பிழிந்தபடி:
"போன வசந்தத்தில் மூன்று மறி எழுந்தே நிற்கவில்லை.
ஓநாய் என்று எழுதிக்கொடுத்தோம்.
ஓநாய்க்கு இழப்பீடு உண்டு."

கிழக்குத் தைகாவோடு
கலை கொடுத்துக் கலை எடுக்கலாம் என்றேன்.
"அவையும் இவற்றின் மாமன் மக்கள்தான்"
என்றார் அவள் கணவர் தவாஜாவ்.
எல்லைக்கு அப்பால், துவா மலைகளில்,
வேறு இரத்தம் மேய்கிறது.
அதற்குப் பதினோரு கையெழுத்து வேண்டும்.
நான்கு வாங்கியிருக்கிறேன்.

செப்டம்பர் கடைசி.
முகட்டில் ஒரு காட்டுக்கலை
இரண்டு இரவாக உறுமியது.
இறங்கி வந்தால் பிணைகளைக் கூட்டிப்போய்விடும்.
திரும்புவது பாதி.
திரும்பாதது பால், சவாரி, சுமை.
அதனால்தான் ஒவ்வொரு கூடாரத்திலும்
நாய், துப்பாக்கி, கட்டுக்கயிறு.

அன்றிரவு நாய் குரைக்கவில்லை.
அதன் வாயை ஒரு கையால் பொத்தி
மறுகையால் முளையைத் தடவினாள் ஒயுன்பதாம்.
உறக்கப்பைக்குள் கிடந்தபடி
கயிறு பனியில் விழுவதைக் கேட்டேன்.
பிறகு குளம்பின் நரம்பு சொடுக்கும் ஒலி,
டிக், டிக்,
மேட்டை நோக்கி.

காலையில் தவாஜாவ் முளையைச் சுற்றி வந்தார்.
"அறுந்ததா?" என்று என்னைக் கேட்டார்.
கயிறு முழுசாக, நுனிவரை நேராகக் கிடந்தது.
அறுந்துவிட்டது என்றேன்.
அவர் அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

நாற்பத்தேழுக்கு எதிரே
இன்னும் எதுவும் எழுதவில்லை.
ஓர் உறையை மட்டும்
எண்ணில்லாமல் எடுத்துவைத்திருக்கிறேன்,
மே மாதத்துக்கு.